விளக்கு அணைந்த பிறகும் விசிறி சுழல வேண்டும்

ஜித்ரா: வரிசை வீடுகளின் நடுவே அமைந்த குளியலறைகள் பலவற்றுக்கு ஜன்னல் கிடையாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சணம் படர்கிறது. அதைத் தடுக்க எக்ஸாஸ்ட் விசிறி தேவைப்படுகிறது. இரவில் எழும் முதியவர்கள் ஈரக்கையோடு சுவிட்சைத் தேடாமலிருக்க, ஆள் வந்ததும் தானாக எரியும் சென்சார் விளக்கு உதவுகிறது. இரண்டையும் ஒன்றாக இயக்கலாமா?

இயக்கலாம். ஆனால், விசிறியின் வயரை விளக்கின் வயரோடு சேர்த்து முறுக்கிவிடுவது அரைகுறை வேலை.

சென்சார், உடல் வெப்பத்தின் அசைவை உணர்கிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குளிப்பவரை அது காணாது. சற்று நேரத்தில் விளக்கு அணையும். கூடவே விசிறியும் நிற்கும். நீராவி நிறைந்திருப்பதோ அப்போதுதான். குளித்த பின்னும் 10 முதல் 20 நிமிடம் விசிறி ஓடினால்தான் ஈரம் போகும்.

எனவே கடையில் டைமர் உள்ள விசிறியைக் கேட்டு வாங்க வேண்டும். எர்த் நீங்கலாக அதற்கு மூன்று இணைப்புகள் இருக்கும்: எப்போதும் மின்சாரம் இருக்கும் லைன், சென்சாரிலிருந்து வரும் லைன், நியூட்ரல். சென்சார் விளக்கை எரியவிடும்போது விசிறியும் சுழலும். விளக்கு அணைந்ததும் டைமர் எண்ணத் தொடங்கும். அதுவரை விசிறி முதல் லைனில் ஓடும்.

சென்சாரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. விளக்குக்குள்ளேயே சென்சார் பொதிந்த வகையில், விசிறிக்கு வயர் எடுக்கப் பெரும்பாலும் இடமிருக்காது. நியூட்ரல் இல்லாத இரண்டு வயர் சென்சாரும் வேண்டாம்; அதில் கசியும் சிறு மின்சாரத்தை டைமர் தவறாகப் புரிந்துகொண்டு விசிறியை நிற்கவிடாமல் ஓட்டக்கூடும். மோட்டாரைத் தாங்குமா என்பதையும் பெட்டியில் பார்க்க வேண்டும். ‘லக்ஸ்’ திருகு இருந்தால், அதைச் சூரியப் படத்தின் பக்கம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் உள்ள பகல் வேளையில் விளக்கும் வராது, விசிறியும் சுழலாது. பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பலவற்றுக்கு இந்தத் திருகே காரணமாக இருக்கலாம்!

வயரின் நிறத்தை மட்டும் நம்புவதுதான் பெரிய ஆபத்து. பழைய வீடுகளில் நியூட்ரல் கறுப்பு; இன்றைய சாதனங்களில் அது நீலம். திரீ பேஸ் இணைப்புள்ள பழைய வீடுகளிலோ நீலம் லைனாகவே இருக்கும். நீலத்தை நீலத்தோடு இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோதனைக் கருவியால் பார்த்த பிறகே தொட வேண்டும். இது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்வதற்கல்ல.

தரை நனையக்கூடிய இடங்களில், 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி இருக்க வேண்டும் என்கின்றன 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள். வயர்மேன் வரும்போது அதையும் பார்க்கச் சொல்லலாம். டைமர் விசிறியில் விளக்கு அணைந்திருந்தாலும் ஒரு லைனில் மின்சாரம் இருக்கும். துடைக்கும்போது முழுமையாக நிறுத்த, கதவுக்கு வெளியே தனிச் சுவிட்சு அவசியம்.

தோட்டத்து வீடுகளில் குளியலறையின் மேற்பகுதி திறந்திருந்தால் இத்தனை செலவு தேவையில்லை. சென்சார் விளக்கே போதும். விசிறி வைப்பவர்கள் அதன் குழாயைச் சீலிங்குக்குள் விட்டுவிடாமல் வெளிச்சுவர்வரை கொண்டுபோக வேண்டும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியும் வேண்டும். காற்று உள்ளே வந்தால்தானே வெளியே போகும்.