பதினெட்டுச் சதுர அடியில் ஒரு கிணற்றடி

சென்னையில் அடுக்குமாடி வீடு விற்பவர்கள் காட்டும் வரைபடத்தில், சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ‘சர்வீஸ் ஏரியா’ என்றோ ‘யுட்டிலிட்டி’ என்றோ அதில் எழுதியிருப்பார்கள். ஹாலையும் படுக்கையறையையும் நாலு தரம் நடந்து பார்க்கிறவர்கள் இதை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குடிபோன மறுவாரம் விஷயம் புரியும். வாஷிங் மெஷின், அழுக்குக் கூடை, பக்கெட்டுகள், துடைப்பம், மாப், தண்ணீர் டிரம், காலி சிலிண்டர், பழைய பேப்பர் கட்டு என்று வீட்டில் வேறெங்கும் வைக்க முடியாத அத்தனையும் அங்கேதான் வந்து சேரும்.

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியிருந்த பழைய வீடுகளில் இந்த வேலைக்குப் பின்கட்டு முழுவதும் இருந்தது. கிணற்றடியில் துவைகல், கொல்லையில் வெயிலுக்கு ஒரு கொடி, தாழ்வாரத்தில் மழைக்கு ஒரு கொடி. ஆசாரமான வீடுகளில் மடித்துணிக்கென்று உத்தரத்தை ஒட்டி இன்னொரு கொடி உண்டு. யார் கையும் படக்கூடாது என்பதால் கோலால்தான் துணியைப் போடுவார்கள், கோலால்தான் எடுப்பார்கள். 1920-களில் உருவான தி.நகரிலும், பிறகு வந்த அடையாறு காந்தி நகரிலும் தனி வீடுகளுக்குத் தோட்டமும் மொட்டை மாடியும் இருந்தன. அந்த மனைகளில் பலவற்றில் இன்று அடுக்ககங்கள். துவைக்க, உலர்த்த, மடிக்க, இஸ்திரிக்குக் கட்டிவைக்க என்று தனித்தனியே இருந்த இடங்கள் எல்லாம் ஆறடிக்கு மூன்றடியில் அடங்கியாக வேண்டும்.

இடம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் ஓடுவது அலமாரி வாங்க. அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. துணிக்குச் சம்பந்தமில்லாதவற்றை அங்கிருந்து வெளியேற்றுவது.

நீல டிரம்மை எடுத்துக்கொள்வோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீர் பிடிக்க அவசரமாக வாங்கியது. 200 லிட்டர் டிரம்முக்குக் குறுக்களவு ஏறத்தாழ இரண்டடி. அதாவது ஒரு வாஷிங் மெஷின் நிற்கிற இடம். மெஷினின் கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்துத் தரை கழுவுகிற வீட்டில் அது இருக்கலாம். சும்மா நிற்கிறது என்றால் மாடிக்கு அனுப்பிவிடலாம்.

சிலிண்டர் விஷயம் இன்னும் முக்கியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அந்த மூலையிலேயே மெஷினின் பிளக் பாயின்ட்டும் இருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். ஆகவே சிலிண்டருக்குக் காற்றோட்டமான வேறு இடம் தேட வேண்டும். அதேபோல, பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒரே தட்டில் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் நச்சு அது. ஆசிட்டைக் குளியலறைப் பக்கம், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் தனியே வைப்பதுதான் சரி. குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது.

இப்போது மிச்ச இடத்துக்குக் கணக்குப் போடலாம். முன்பக்கம் கதவுள்ள மெஷின் ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 85 செ.மீ. உயரமும் இருக்கும். அதை மூன்றடி அகலத்தைப் பார்த்து நிறுத்தினால் கதவு எதிர்ச்சுவரில் இடிக்கும். நீளவாக்கில், கடைசிச் சுவரை ஒட்டி நிறுத்தினால் முன்னால் நாலடி கிடைக்கும். குனிந்து துணி எடுக்க அது தாராளம். மேல்மூடி உள்ள மெஷினுக்கு முன்னால் அவ்வளவு இடம் தேவையில்லை. ஆனால் மூடி திறக்க மேலே இடம் விட வேண்டும். அதனால் சுவரில் தட்டு அடிப்பதென்றால் நாலரை அடிக்கு மேல்தான் அடிக்க முடியும்.

அந்தத் தட்டுக்கு ஒன்பது அங்குல அகலம் போதும். அதற்கு மேல் அகலமானால் ஒன்றின் பின் ஒன்றாகப் பொருள் ஒளிந்துகொள்ளும். இருக்கிற உஜாலாவையே மறுபடி வாங்குவோம். தினம் எடுக்கும் சோப்புத்தூளும் லிக்விடும் கைக்கு எட்டும் தட்டில், கஞ்சிப் பவுடரும் நீலமும் அதற்கு மேல். சென்னைக் காற்றின் ஈரத்தில் சோப்புத்தூள் கட்டியாகிவிடும் என்பதால் அட்டைப் பெட்டியிலிருந்து மாற்றி இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். மெஷின் தலையில் எதையும் வைக்காமலிருப்பது நல்லது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது பாட்டில் நகர்ந்து நகர்ந்து விழும்.

கொக்கி, தட்டு, கம்பி எது வாங்கினாலும் கடற்கரைக்கு அருகே இருக்கிற அடையாறிலும் மயிலாப்பூரிலும் உப்புக்காற்றை மறக்க முடியாது. சாதா இரும்பு சீக்கிரமே துருப்பிடித்து வெள்ளை வேட்டியில் கறை வைக்கும். எவர்சில்வரிலும் விலை குறைந்த 202 ரகத்தைவிட 304 ரகம்தான் உப்புக்குத் தாங்கும். கடையில் கேட்டு வாங்கலாம்.

சுவர் முடிந்தால் கூரை. கொசுவலைக் கடைக்காரர்களே மாட்டித் தரும் கயிறு வைத்த கிளாத் ஹேங்கர், மயிலாப்பூரின் மடிக்கொடிக்குத் தம்பி என்று சொல்லலாம். கோலுக்குப் பதில் கயிறு. இங்கிலாந்தின் பழைய சமையலறைகளில் இதே போன்ற கப்பிக் கொடி இருந்தது. சிங்கப்பூர் அடுக்குமாடித் தமிழர்கள் மூங்கில் கழியில் துணி கோத்துச் சன்னலுக்கு வெளியே நீட்டி உலர்த்துவதும் இதே நெருக்கடிக்குக் கண்ட வழிதான்.

ஹேங்கர் வாங்கும்போது சேலையை வைத்து அளவு பார்க்க வேண்டும். சேலையின் அகலம் ஏறத்தாழ நாலடி என்பதால் குழாய் ஐந்தடியாவது இருக்கட்டும். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்று குழாய்களில் ஆறு மடிப்பாகப் போட்டால் ஒவ்வொரு மடிப்பும் மூன்றடிதான் தொங்கும். பத்தடிக் கூரையில் அது யார் தலையிலும் இடிக்காது. எட்டு முழ வேட்டிக்கு இரண்டு குழாய் போதும்.

இதன் அருமை தெரிவது ஐப்பசி, கார்த்திகையில். சென்னைக்கு ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் மொட்டை மாடிக் கொடியை நம்ப முடியாது. சர்வீஸ் ஏரியாவில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஈரக்காற்று வெளியேறி, துணியில் முடைநாற்றம் வராது. துணிகளுக்கிடையே நாலு விரல் இடைவெளியும் விட வேண்டும்.

கடைசியாக இஸ்திரி. தெருமுனை வண்டிக்காரர் காலையில் வந்து கேட்கும்போது நாற்காலி, கட்டில், சோபா என்று தேடித் துணி பொறுக்குகிற வீடுகள் அதிகம். கதவுக்குப் பின்னால் இரண்டு துணிப்பைகள் மாட்டினால் தீர்ந்தது. ஒன்று அழுக்குக்கு, மற்றது இஸ்திரிக்கு. தரையில் நிற்கிற பிளாஸ்டிக் கூடையையும் எடுத்துவிடலாம்.

புதிதாக வீடு பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஒரு இஞ்சி டேப் எடுத்துப் போங்கள். சர்வீஸ் ஏரியாவின் கதவு வழியே இரண்டடி அகல மெஷின் நுழையுமா, குழாயும் தண்ணீர் வெளியேறும் துளையும் ஒரே பக்கம் இருக்கின்றனவா, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் எங்கே என்று பாருங்கள். இல்லையென்றால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பில்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு ஒரு குழாயை நகர்த்தக்கூடச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.