மேசா வேர்டே: குன்றின் மடியில் பழைய வீடுகள்

தேசியப் பூங்கா என்றதும் நமக்கு யானையும் சிறுத்தையும்தான் நினைவுக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள மேசா வேர்டே தேசியப் பூங்காவோ, பழங்கால மனிதர் கட்டிய வீடுகளைப் பாதுகாப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1906 ஜூன் 29ஆம் திகதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதற்கான சட்டத்தில் ஒப்பமிட்டார். 1978 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது.

டென்வரில் வசிக்கும் என் மாமா எங்கள் குடும்பத்தை அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்கு அழைத்திருக்கிறார். மேசா வேர்டே பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. உம்மும்மாவும் எங்களுடன் வருகிறார். முழங்கால் வருத்தம் உள்ள அவரால் ஏணி ஏற முடியாது. ஆனால் குன்று வீடுகளுக்குப் போகும் வழியெல்லாம் ஏணிகள். அவரை வாகனத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் பார்த்து வருவதா என்ற கேள்வியோடுதான் நான் தகவல் தேடத் தொடங்கினேன்.

யாருடைய வீடுகள்?

மேசா வேர்டே என்றால் ஸ்பானிய மொழியில் பச்சை மேசை. உச்சி தட்டையாக, மரஞ்செடிகள் நிறைந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. இன்றைய புவெப்லோ மக்களின் மூதாதையர் ஏறத்தாழ கி.பி. 550 முதல் 1300 வரை அங்கு வாழ்ந்தார்கள். சோளம், அவரை, பூசணி பயிரிட்டார்கள், வான்கோழி வளர்த்தார்கள். நெடுங்காலம் மேட்டின் மேலேயே குடியிருந்த அவர்கள், கடைசி நூறு ஆண்டளவில்தான் செங்குத்தான பாறைச்சுவர்களில் இருந்த பெரும் பொந்துகளுக்குள் வீடு கட்டினார்கள். அவ்வாறான சுமார் 600 குடியிருப்புகள் பூங்காவில் உள்ளன. மிகப் பெரியது கிளிஃப் பேலஸ். அதில் ஏறக்குறைய 150 அறைகள் இருக்கின்றன.

அந்தப் பொந்துகளை உருவாக்கியது நீர். மழைநீரும் உருகிய பனியும் மணற்கல்லுக்குள் மெல்ல இறங்கும். கீழே நீர் புகாத களிப்பாறை தடுத்தவுடன் பக்கவாட்டில் கசியும். கசிந்த இடத்தில் கல் நைந்து உதிர்ந்து பொந்தானது. அந்த ஊற்றே பல இடங்களில் குடிநீரும் தந்தது. தெற்கு நோக்கிய பொந்துக்குள் குளிர்காலத்தில் தாழ்ந்த வெயில் நுழையும். கோடையில் உச்சி வெயிலைப் பாறைக்கூரை மறைக்கும். செதுக்கிய மணற்கற்களை மண், நீர், சாம்பல் கலந்த சாந்தினால் ஒட்டி, இடுக்குகளில் சிறு கற்களைச் செருகிச் சுவர் எழுப்பினார்கள்.

வீடுகளின் முன்னே கிவா எனப்படும் வட்டமான நிலக்கீழ் அறைகள் உள்ளன. சடங்குகளுக்கும் ஒன்றுகூடலுக்கும் அவை பயன்பட்டன. கூரைத் துவாரத்தின் வழியே ஏணியில் இறங்க வேண்டும். புகை மேலே போக, புதிய காற்று பக்கத்துக் குழாய்வழியே உள்ளே வரும். அந்தக் காற்று நேரே நெருப்பில் படாதிருக்கச் சிறு தடுப்புச் சுவரும் வைத்தார்கள்.

மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் 1276 முதல் 1299 வரை கடும் வரட்சி நிலவியதாகக் கண்டறிந்தனர். வரட்சியோடு வேறு நெருக்கடிகளும் சேர, மக்கள் தெற்கே பெயர்ந்தார்கள். அவர்கள் மறைந்துபோன இனம் என்று சிலர் எழுதுவது தவறு. நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் வாழும் ஹோப்பி, சூனி முதலிய புவெப்லோ மக்கள் அவர்களின் சந்ததியினரே. இவை அவர்களுக்கு இன்றும் முன்னோரின் வீடுகள்.

காத்தவர்கள்

1888 இல் மாடு தேடிச் சென்ற பண்ணையாளர் கிளிஃப் பேலஸைக் கண்ட பின்னர், பொருள் தோண்டுவோர் பெருகினர். 1891 இல் சுவீடனைச் சேர்ந்த நோர்டென்ஷோல்ட் எடுத்துச் சென்ற பொருட்கள் இறுதியில் பின்லாந்தின் தேசிய அரும்பொருட்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றோடு போன மனித எச்சங்களும் ஈமப்பொருட்களும் 2020 இல்தான் திரும்பி வந்து மீள அடக்கம் செய்யப்பட்டன.

இந்த அழிவைத் தடுக்க முன்னின்றவர்கள் பெண்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். வாக்குரிமை நாடெங்கும் பெண்களுக்குக் கிடைக்காத காலத்தில், வேர்ஜீனியா மக்லர்க், லூசி பீபொடி ஆகிய இருவரும் பல பெண்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் பாடுபட்டனர்.

எங்கள் திட்டம்

டென்வரிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். எனவே அருகிலுள்ள கோர்ட்டெஸ் நகரில் இரண்டு இரவு தங்குவோம். பூங்கா வாசலிலிருந்து முக்கிய வீடுகளுக்கு வளைந்த மலைப்பாதையில் மேலும் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

பெரிய குன்று வீடுகளுக்குள் பூங்கா உத்தியோகத்தருடன் மட்டுமே போகலாம். பொதுவாக மே முதல் ஒக்டோபர் வரையே அந்தச் சுற்றுலாக்கள் நடைபெறும். சீட்டுகள் 14 நாட்களுக்கு முன்னர், அங்கு காலை 8 மணிக்கு இணையத்தில் திறக்கப்படும். கோடையில் அது இலங்கை நேரம் மாலை 7.30. விரைவில் தீர்ந்துவிடுவதால் அந்நேரம் தயாராக இருக்க வேண்டும். எந்த வீடு திறந்திருக்கிறது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

நானும் வாப்பாவும் பால்கனி ஹவுஸ் போகிறோம். அங்கே சுமார் 10 மீற்றர் ஏணி ஏறி, 46 சென்ரிமீற்றர் அகலமான சுரங்கவழியில் தவழ வேண்டும். நீண்ட அபாயா ஏணியில் சிக்கும் என்பதால் தளர்வான காற்சட்டையும் முழங்கால் வரை மேலாடையும் பிடிப்புள்ள சப்பாத்தும் எடுத்து வைத்திருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேற்பட்ட உயரம் என்பதால் மூச்சு வாங்கும். தண்ணீர் நிறைய வேண்டும். பிற்பகலில் இடிமழை வரக்கூடும், ஆகவே காலைச் சுற்றுலாவே நல்லது.

உம்மும்மாவுக்கும் வழி இருக்கிறது. மேசா டொப் லூப் என்ற பாதையில் வாகனத்திலேயே சென்று, ஆங்காங்கே இறங்கிச் சில அடிகள் நடந்தால், பழைய குழி வீடுகளையும் எதிர்ப் பாறையில் கிளிஃப் பேலஸையும் பார்க்கலாம். 2015 இல் பாறை உதிர்ந்ததால் மூடப்பட்ட ஸ்புரூஸ் ட்ரீ ஹவுஸையும் அரும்பொருட்காட்சியகத்தருகே நின்று காணலாம். ஆகவே முதல் நாள் முழுவதையும் அவருக்கென ஒதுக்கினேன். ஏணிகள் மறுநாள் காலைக்கு.

சுவரில் சாய்வதும் கல்லொன்றை நினைவுக்காக எடுப்பதும் அங்கே தடை. கைபட்டுக் கைபட்டுச் சாந்து உதிரும். கல்லை எடுத்தால் அதற்குரியவர்களிடமிருந்து எடுப்பதாகும். இதை வாசித்துக் காட்டியபோது உம்மும்மா சொன்னார்: "அடுத்தவங்கட வீட்டுக்குப் போற மாதிரித்தான் போகணும், மகள்." பயணக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதையே எழுதியிருக்கிறேன்.