தண்ணீர் டிரெய்லரின் சக்கரமும் கிரீஸும்

பெங்களூர் மாநகரில் 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றியபோது, டேங்கர் தண்ணீரே எண்ணற்ற குடும்பங்களுக்கு ஆதாரமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் மாவட்ட நிர்வாகம், 5 கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவிற்கு 6,000 லிட்டர் தண்ணீரின் விலையை 600 ரூபாய் என வரையறுத்தது. கட்டணத்திற்கு வரம்பு ஏற்படும்போது உரிமையாளர் முதலில் குறைப்பது பராமரிப்புச் செலவையே. தொம்மலூரின் குறுகிய தெருவொன்றில் சக்கரம் இறுகி நின்றுவிட்ட டிராக்டர் டிரெய்லரைக் கண்டபோது இவ்வெண்ணமே தோன்றியது. அன்று அத்தெருவிற்குத் தண்ணீர் வரவில்லை.

6,000 லிட்டர் தண்ணீரின் எடை ஆறு டன். இதன் பெரும்பகுதியைத் தாங்குவன ஹப்பினுள் அமைந்த சாய்வு உருளை பேரிங்குகள். உருளைகளுக்கிடையே கிரீஸ் படலம் நிற்கும்வரை தேய்மானம் சொற்பமே. ஹப்பின் உட்புற வாயிலில் உள்ள ஆயில் சீல், கிரீஸை உள்ளேயும் நீரையும் மண்ணையும் வெளியேயும் நிறுத்துகிறது.

சீல் கசிந்தால் கிரீஸ் போதவில்லை என்று கருதி மேலும் திணிப்பது பரவலான வழக்கம். இது தவறு. ஹப் முழுதும் நிரம்பிய கிரீஸ் சுழற்சியில் கடையப்பட்டுச் சூடேறி, இளகி விரிந்து, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பிரேக் உள்ள வண்டியில் அது பிரேக் கட்டையில் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். சூடான ஹப் நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சும். கிரீஸ் வெண்மையாகத் திரிந்திருப்பது அதன் அடையாளம்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி நன்கு உலர்த்தியபின், அகன்ற பக்கத்திலிருந்து உருளைகளின் ஊடே மறுபுறம் பிதுங்கும்வரை கிரீஸை அழுத்த வேண்டும். ஹப்பின் வெற்றிடத்தில் ஒரு பகுதியை மட்டுமே நிரப்புதல் போதுமானது. பழைய கிரீஸின் மீது வேறு வகைக் கிரீஸைக் கலத்தலாகாது; சில வகைகள் சேர்ந்தால் நீர்த்துவிடும். கழற்றிய சீலை மீண்டும் பொருத்துவது வீண் சிக்கனம். புதிய சீலை, உதடு கிரீஸை நோக்குமாறு வைத்து, மரக்கட்டையால் சீராகத் தட்டி இறக்க வேண்டும். அச்சில் சீல் உராயும் இடத்தில் பள்ளம் விழுந்திருப்பின் புதிய சீலும் கசியும். பலர் இதைப் பார்ப்பதேயில்லை.

இறுதியாக, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பின் சிறிது தளர்த்தி, புதிய பின்னைச் செருக வேண்டும். சில கிலோமீட்டர் ஓட்டியபின் ஹப்பின் அருகே எச்சரிக்கையுடன் கையை வைத்துப் பார்த்தால், மற்றவற்றைவிடச் சூடான சக்கரம் தன் குறையைத் தானே தெரிவித்துவிடும்.