பால்மறந்த குழந்தையும் மறவாத தாயும்

ஆயர் பணியில் நான் தவறிய சந்திப்புகளில் ஒன்றை முதலில் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சபையார் வீடுகளைச் சந்தித்து வருகையில், ஓர் இளந்தாய் அழுது சிவந்த கண்களோடு கதவைத் திறந்தார். அவருடைய மகனுக்கு அப்போது இருபத்திரண்டு மாதம். வெளியூர்ப் பள்ளி ஒன்றில் தாய்க்கு வேலை கிடைத்திருந்தது. மாமியாரின் யோசனைப்படி வேப்பிலையை அரைத்து மார்பில் பூசி, மூன்றே இரவுகளில் குழந்தையைப் பால்மறக்கச் செய்திருந்தார்கள். நான்காம் நாள் குழந்தை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது, தாய்தான் அழுதுகொண்டிருந்தார். "இப்போதுதான் இரவில் தூங்குகிறேன், ஐயா, அது சந்தோஷந்தான். ஆனாலும் இன்றைக்கு அவன் கேட்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை" என்றார். "ஐயரிடத்தில் போய் இதையெல்லாம் சொல்லுவார்களா?" என்று மாமியார் கடிந்துகொண்டார். நானும், பிள்ளை வளருகிறான், அதற்காகக் கர்த்தரைத் துதியுங்கள் என்று சொல்லி, சுருக்கமாக ஜெபித்து எழுந்துவிட்டேன். பிற்பாடு 131-ஆம் சங்கீதத்தை வகுப்பில் நடத்த நேர்ந்தபோதுதான், அந்தத் தாயிடம் நான் பேசியிருக்கவேண்டியது எவ்வளவு என்பது விளங்கிற்று.

மூன்றே வசனங்களாலான அந்த ஆரோகண சங்கீதம் தன் ஆத்துமாவின் அமைதிக்குப் பால்மறந்த குழந்தையை உவமையாக்குகிறது. இவ்விடத்தில் வரும் எபிரெயச் சொல் 'கமூல்' என்பது. இதன் வேர்ச்சொல்லாகிய 'கமால்' என்பதற்குப் பால் மறக்கச் செய்தல் என்பது ஒரு பொருள் மட்டுமே. எண்ணாகமம் 17-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் கோல் துளிர்த்துப் பூத்து வாதுமைப் பழங்களைப் பழுக்கச் செய்ததைக் குறிப்பதும், ஏசாயா 18-ஆம் அதிகாரத்தில் திராட்சைக் காய் முதிர்வதைக் குறிப்பதும் இதே வேர்தான். 13-ஆம், 116-ஆம் சங்கீதங்களில் கர்த்தர் ஒருவனுக்குத் தாராளமாய் நன்மை செய்ததைக் கூறுவதும் இதுவே. ஆகவே எபிரெயன் இச்சொல்லைக் கேட்கையில் நிறைவு, முதிர்வு, தாராளம் ஆகிய எண்ணங்கள் அருகில் நின்றன. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்த் 'பாலினின்று அகற்றப்பட்ட' என்னும் பொருளுடைய சொல்லை வழங்குகிறது. அங்கே பிரிவு முன்வருகிறது. தமிழோ 'மறத்தல்' என்கிறது. நம் மொழியில் பாலை விலக்குவோரைவிட, அதை மறக்கும் குழந்தையே முன்நிற்கிறது. கனிதல், அகற்றல், மறத்தல் என்று மூன்று மொழிகள் ஒரே நிகழ்ச்சியை மூன்று பக்கங்களிலிருந்து பார்த்திருக்கின்றன. அந்த இளந்தாயின் ஒரே வாக்கியத்தில் மூன்றும் இருந்தன.

இச்சங்கீத வசனம் எல்லாக் காலத்திலும் இன்று நாம் வாசிக்கிறபடியே வாசிக்கப்படவில்லை. 'கமால்' என்பதற்குப் 'பதில் செய்தல்' என்னும் பொருளும் உண்டாகையால், செப்துவஜிந்த் வசனத்தின் பிற்பகுதியைத் தண்டனையைப் பற்றியதாகக் கொண்டது: நான் தாழ்மையாயிராவிட்டால், தாயினிடத்தில் பால் மறுக்கப்பட்ட குழந்தைக்கு நேரிடுவது எனக்கும் நேரிடக்கடவது என்னும் போக்கு அது. இலத்தீன் வேதாகமத்தின் வழியே அகுஸ்தீனும் இவ்வாறே விளக்கினார். காலத்துக்கு முன் பாலினின்று பிரிக்கப்பட்ட குழந்தை பிழைக்காது என்பதை அக்காலத்தார் கண்ணாரக் கண்டிருந்தனர். எபிரெய பாடத்தின்படி இவ்வாசிப்பு சரியன்று என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அதன் பின்னுள்ள அச்சத்தை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அடுத்த கர்ப்பத்தால் தாய்ப்பால் கிட்டாமல் மெலிந்த பிள்ளையை நம் பாட்டிமார் 'சவலை' என்றார்கள். 1930-களில் கோல்டு கோஸ்ட் நாட்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றிய மருத்துவர் சிசெலி வில்லியம்ஸ் அங்குள்ள கா மொழியினர் அத்தகைய பிள்ளைகளின் நோய்க்கு வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்னும் சொல்லை 1935-இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து.

எபிரெய வசனத்தில் நாம் பெரும்பாலும் கவனியாமல் விடுவது 'மேல்' என்று பொருள்படும் சிறு இடைச்சொல். பால்மறந்த குழந்தை தாயை விட்டு எங்கோ போய்விடவில்லை. அது தாயின்மேல் சாய்ந்திருக்கிறது. பாலுக்காக வரும் குழந்தை மடியில் ஏறியவுடன் ஆடையைப் பற்றி இழுக்கும், முட்டும், அழும். பால்மறந்த குழந்தையும் அதே மடிக்கு வருகிறது. ஆனால் தாயிடமிருந்து எதையும் பெறுவதற்காக அன்று, தாயிடமே வருகிறது. வசனத்தின் இறுதிச் சொற்களை, என்மேல் சாய்ந்திருக்கும் பால்மறந்த குழந்தையைப் போல் என் ஆத்துமா இருக்கிறது என்றும் பெயர்க்கலாம். இதைக்கொண்டு, தாவீதின் பெயரைத் தலைப்பில் தாங்கிய இப்பாடலில் ஒரு தாயின் குரலே ஒலிக்கிறது என்று கருதும் வேத அறிஞரும் உண்டு. நிரூபிக்க இயலாத கருத்துதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன்.

நம் பிரசங்கங்களில் இவ்வசனம் படும் பாடு வேறு. தேவன் நம்மை உலகத்தினின்று பிரிப்பதற்காக இன்பங்களின்மேல் கசப்பைப் பூசுகிறார் என்று வேப்பிலையை உவமையாக்கிப் பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். வசனத்தில் வேப்பிலை இல்லை. மடிதான் இருக்கிறது.

அன்னாளின் வரலாறு தாயின் பக்கத்தைக் காட்டுகிறது. பண்டை யூதரிடையே பால்கொடுக்கும் காலம் நீண்டது. மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தின் 7-ஆம் அதிகாரத்தில் வரும் தாய் தன் மகனுக்கு மூன்று ஆண்டு பாலூட்டியதை நினைவூட்டுகிறாள். எல்க்கானா ஆண்டுதோறும் சீலோவுக்குப் போகையில், பிள்ளை பால்மறக்கும் வரை நான் வரமாட்டேன் என்று அன்னாள் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். பொருத்தனையை அவள் மறக்கவில்லை. ஆனால் பால்மறக்கும் நாளே பிரியும் நாள் என்பதை அறிந்தவள் அதை விரைவுபடுத்தவும் இல்லை. எல்க்கானாவும் உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிடுகிறான். நம் குடும்பத் தலைவர்கள் கவனிக்கத்தக்க இடம் இது. பின்பு அன்னாள் துதிப்பாடல் பாடினாள் என்று முதலாம் சாமுவேல் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது; அவள் ஆண்டுதோறும் ஒரு சிறிய சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. ஓராண்டில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்பதைக் கண்ணால் காணாமல் மனத்தாலே அளந்து அவள் அதைத் தைத்திருக்கவேண்டும். துதிப்பாடலைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சட்டையைப் பற்றி அவ்வளவு கேட்டதில்லை.

சீர்திருத்த வரலாற்றிலிருந்தும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்கில் பேரவை கூடவிருந்தது. ஏகாதிபத்தியத் தடைக்கு உட்பட்டிருந்த லூத்தர் அங்குச் செல்ல இயலாமல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தார். ஜூன் 5 அன்று அவர் மனைவி காத்தரீனாவுக்கு எழுதிய கடிதத்தில், ஓராண்டு நிரம்பிய மகள் மக்தலேனாவைப் பால்மறக்கச் செய்வதைப் பற்றிப் பேசுகிறார். திடீரென்று நிறுத்தவேண்டாம், முதலில் நாளுக்கு ஒரு வேளையைக் குறை, பிறகு இரண்டு வேளை, இப்படியே மெதுவாகச் செல் என்பது அவர் கூறும் வழி. அது தம்முடைய யோசனை அன்று என்பதையும், தம்மைக் காணவந்த ஆர்குலா ஃபான் க்ரும்பாக் அம்மையாரின் ஆலோசனை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். இந்த ஆர்குலா 1523-இல் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தாரை எதிர்த்து ஓர் இளம் ஆசிரியருக்காக எழுதிய வீரப்பெண்மணி. திருச்சபையின் அறிக்கை ஜூன் 25-இல் பேரரசர் முன் வாசிக்கப்படவிருந்த அந்நாட்களில் இருவரும் உரையாடியவற்றுள் குழந்தையின் பால்குடியும் இருந்தது. அதே ஜூன் 5 அன்றுதான் லூத்தருக்குத் தம் தந்தையின் மரணச் செய்தியும் எட்டியது.

ஆர்குலாவின் ஆலோசனையை இன்றைய மருத்துவமும் மறுக்காது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்பு பிற உணவோடு இரண்டு ஆண்டு வரையோ அதற்கு மேலுமோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திடீரென நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரக்கூடும். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் நம் பெண்களின் கைமுறை இதற்காகத்தான். பாலூட்டும் காலத்தில் உடலில் மிகுந்திருக்கும் புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் சுரப்புகள் குறைகையில் சில தாய்மாருக்குக் காரணம் தெரியாத துயரமும் உண்டாகிறது. ஆகவே ஒரு தாயின் கண்ணீரை அவிசுவாசம் என்றோ, வேலைக்குப் போகும் பெண்ணின் குற்றவுணர்வு என்றோ ஆயர் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. அத்துயரம் வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் கெடுமானால், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். நிம்மதியாக உணரும் தாய்மாரும் உண்டு. அவர்களிடம் அழவில்லையா என்று கேட்பதும் வேண்டாம்.

ஏசாயா 49-ஆம் அதிகாரத்தில் கர்த்தர், பால்குடிக்கும் குழந்தையைத் தாய் மறப்பாளோ என்று கேட்கிறார். அங்கும் நம் தமிழ் வேதாகமத்தில் 'மறத்தல்' என்னும் சொல்லே வருகிறது. குழந்தை பாலை மறக்கிறது, மறப்பதற்குத்தான் வளர்க்கிறோம். தாய் மறப்பதில்லை. அந்த வீட்டில் அன்று நான் செய்த பிழை, குழந்தையின் மறதியைத் தாயிடமும் எதிர்பார்த்தது.

பிள்ளைப்பேற்றுக்குப்பின் தாய் நன்றி செலுத்த நம் பழைய ஜெபப் புத்தகத்தில் முறைமை உண்டு. பால்மறக்கும் நாளுக்கு இல்லை. ஈசாக்கு பால்மறந்த நாளிலே ஆபிரகாம் பெரிய விருந்து செய்தான் என்பதை ஆதியாகமம் 21 சொல்லியும், நாம் அதைப் பின்பற்றவில்லை. அந்த விருந்தை அடுத்தே ஆகார் வனாந்தரத்துக்குப் போய் அழுததையும் அதே அதிகாரம் மறைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தாயே தம் இரண்டாம் பிள்ளைக்காக என்னை அழைத்தார். இம்முறை இரண்டு மாத காலம் ஒவ்வொரு வேளையாகக் குறைத்து வந்திருந்தார். மாமியார் பாயசம் வைத்திருந்தார். நான் 131-ஆம் சங்கீதத்தை வாசித்து, தாய்க்காக முதலிலும் பிள்ளைக்காகப் பின்பும் ஜெபித்தேன். ஜெபம் முடிவதற்குள் பிள்ளை தாயின் தோளிலே உறங்கிவிட்டது. அவர் அழுதுகொண்டே எனக்குப் பாயசம் பரிமாறினார்.