தங்கும் விடுதிகளும் தரச்சான்றும்

அச்சன்புதூரில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் கண்முன் விரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அம்மலையில் மேகம் கவிகிறது, சாரல் விழுகிறது, குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் பெருக்கெடுக்கின்றன. ஏறத்தாழ அதே நாட்களில்தான், மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே அமைந்துள்ள அடவிநயினார் அணையிலிருந்து மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிகால், இலத்தூர்கால் முதலிய கால்வாய்களின் வழியே கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிடப்படுவது வழக்கம். பிரயாணிகள் நீராட வரும் பருவமும் விவசாயிகள் நாற்று நடும் பருவமும் ஒன்றே. இருவரும் நம்பியிருப்பதும் ஒரே மலையின் நீரையே.

குற்றாலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தங்கும் விடுதிகள் பெருகி வருவது யாவரும் அறிந்ததே. இவற்றால் ஊராருக்கு வேலை கிடைக்கிறது. பாலும் காய்கறியும் விலைபோகின்றன. ஊராட்சிக்கு வரி வருகிறது. ஆகவே விடுதிகள் வேண்டாம் என்று கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ‘இயற்கை விடுதி’, ‘பசுமை விடுதி’ என்னும் பலகைகளைப் பல இடங்களில் காணும்போது, அப்பெயரைச் சூட்டியவர் யார், அதனைச் சோதித்தவர் யார் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு விடையாக அமைவதே தரச்சான்றும் தணிக்கையும் ஆகும்.

ஒரு சிறு கணக்கு

நாற்பது படுக்கைகள் கொண்ட விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடுதிகளில் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது கட்டட வல்லுநர்கள் கொள்ளும் அளவு. அதன்படி அவ்விடுதிக்கு நாள்தோறும் 7,200 லிட்டர் தேவை. கிராமப்புறத்தில் குழாய் நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் ஆள் ஒருவருக்கு வகுத்துள்ள அளவோ 55 லிட்டர். எனவே அந்த ஒரு விடுதியின் தண்ணீர் ஏறக்குறைய 130 கிராமவாசிகளின் தண்ணீருக்குச் சமம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்று கொண்டாலும், நாளொன்றுக்கு 5,700 லிட்டருக்கு மேல் எங்கேனும் சென்றாக வேண்டும். அது எங்கே செல்கிறது என்பதே விடுதியின் தரத்தை அறிய நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்குத் தடை உள்ளது. அருவியில் சோப்புத் தேய்க்காத பிரயாணி விடுதி அறைக்குத் திரும்பித் தேய்த்துக் குளிக்கிறார். அந்நீர் சுத்தம் செய்யப்படாமல் ஓடையில் விடப்படுமானால், அருவியில் தடுத்ததை ஆற்றில் கலக்கவிட்டவர்களாகிறோம். சிற்றாறும் அனுமன் நதியும் இறுதியில் தாமிரபரணியைச் சேருவன என்பதை மறத்தலாகாது.

இயற்கை அருவிகளின் நீரைத் திருப்பி, தம் வளாகத்தினுள் செயற்கை அருவிகள் அமைத்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நீரின் வழியை மாற்றுவது ஒரு வளாகத்தோடு முடிந்துபோகும் செயலன்று. கீழேயுள்ள கால்வாய் ஒவ்வொன்றையும் அது பாதிக்கும்.

தரச்சான்று தோன்றிய வரலாறு

1992-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடைபெற்ற புவி மாநாட்டிற்குப் பின்னர், சுற்றுலாத் தொழிலும் இயற்கை வளம் குன்றாது நடைபெற வேண்டும் என்னும் கருத்து உலகெங்கும் வலுப்பெற்றது. 1994-இல் டென்மார்க் நாட்டில் விடுதிகளுக்கான ‘பசுமைச் சாவி’ என்னும் சான்று தொடங்கப்பெற்றது. பின்னர் இத்தகைய சான்றுகள் பலவாகப் பெருகி, எது மெய், எது விளம்பரம் எனப் பிரித்தறிய இயலாத நிலை உண்டாயிற்று. ஆகவே யாவற்றுக்கும் பொதுவான அளவுகோல்கள் 2008-இல் வெளியிடப்பெற்றன. உலக வளங்குன்றாச் சுற்றுலா மன்றம் இன்று அவற்றைப் பேணி வருகிறது. நிர்வாகம், உள்ளூர் மக்களின் பொருளாதார நலம், பண்பாடு, சுற்றுச்சூழல் என நான்கு பிரிவுகளாக அவை அமைந்துள்ளன. நம் நாட்டிற்கேற்ற அளவுகோல்களை மத்திய சுற்றுலா அமைச்சகம் 2014-இல் வெளியிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அளவுகோலை வகுக்கும் மேற்படி உலக மன்றம் தானே எந்த விடுதிக்கும் சான்று வழங்குவதில்லை. சான்று வழங்கும் நிறுவனங்கள் தனியே உள்ளன. அவை முறையாகப் பணிபுரிகின்றனவா என்று சோதிப்பது வேறொரு ஏற்பாடு. விதியை வகுப்போர், சோதிப்போர், சோதிப்போரைச் சோதிப்போர் என மூவரும் வெவ்வேறாக இருப்பதே சான்றின் நம்பகத்திற்கு அடிப்படை.

கிராமப்புற விடுதிகளுக்கான இலைத் தரம்

மேற்கூறியவை பெரிய விடுதிகளுக்கே இயலும், செலவும் மிகுதி என்று சிலர் கருதலாம். அக்குறையைப் போக்கும் வகையில், மத்திய குடிநீர் மற்றும் துப்புரவுத் துறை சுற்றுலா அமைச்சகத்துடன் இணைந்து, ‘ஸ்வச்சதா பசுமை இலைத் தரநிலை’ என்னும் திட்டத்தை 2023-இல் கொணர்ந்தது. இதில் மொத்த மதிப்பெண் 200. மலக்கசடு மேலாண்மைக்கு 80, திடக்கழிவு மேலாண்மைக்கு 80, குளியலறை, சமையலறைக் கழிவுநீர் மேலாண்மைக்கு 40 எனப் பகுக்கப்பட்டுள்ளது. 100 மதிப்பெண் எட்டினால் ஓர் இலை. 130-ஐத் தாண்டினால் மூன்று இலை. 180-ஐத் தாண்டினால் ஐந்து இலை. விடுதியார் முதலில் தம்மைத் தாமே மதிப்பிட்டு விண்ணப்பித்தல் வேண்டும். பின்னர்ச் சரிபார்ப்புக் குழுவினர் நேரில் வந்து பார்ப்பர். அதன்பின் மாவட்ட அளவிலான குழு தரத்தை முடிவு செய்யும்.

இதில் சேர்வது விடுதியாரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் சட்டத்திற்குக் கீழ்ப்படிவது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் உள்ள தடையும், இலை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பொதுவானவை. இலை பெற்றுவிட்டமையால் சட்டம் தம்மைத் தொடாது என எவரும் எண்ணலாகாது.

தணிக்கை செய்வது எவ்வாறு?

நல்ல தணிக்கையாளர் மூன்று வழிகளில் உண்மையைத் தேடுவார்: ஏட்டைப் பார்ப்பார்; இடத்தைப் பார்ப்பார்; மனிதரைக் கேட்பார். மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே மதிப்பெண் இடுவார்.

சான்றாக, செப்டிக் தொட்டியை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு நீக்கிச் சுத்தம் செய்தல் வேண்டும். ஆட்கள் நிறைந்து வழியும் விடுதியில் ஐந்தாண்டுகளாகக் கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுத்த ரசீதே இல்லையெனில், கசடு எங்கே போயிற்று எனக் கேட்க வேண்டும். ரசீது இருப்பினும் அத்துடன் நின்றுவிடாமல், லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்பதையும் வினவ வேண்டும். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துக் கொடுக்கிறோம்’ என்று மேலாளர் கூறினால், அக்குப்பையை வாங்கும் தூய்மைக் காவலரைத் தனியே அழைத்துக் கேட்பது நலம். தங்கியோர் பதிவேட்டையும் தண்ணீர் லாரிக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து எடுக்கப்படும் நீரின் அளவு ஒருவாறு புலப்படும். படுக்கை விரிப்புகள் எங்கே துவைக்கப்படுகின்றன, அந்தச் சோப்பு நீர் உறிஞ்சு குழிக்குச் செல்கிறதா ஓடைக்குச் செல்கிறதா என்பதையும் கண்ணால் காண வேண்டும்.

நாம் கற்ற பாடம்

இவ்வளவு எழுதும் நாமும் ஒருமுறை தவறியவர்களே. சில ஆண்டுகளுக்கு முன்னர், பங்குனி மாதத்தில் ஒரு நாள், மலையடிவாரத்து விடுதி ஒன்றைப் பார்வையிடச் சென்றோம். முற்றம் துப்புரவாக இருந்தது. மூன்று நிறக் குப்பைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. பின்புறம் ஓடிய வாய்க்காலும் காய்ந்து கிடந்தது. திருப்தியாகக் குறிப்பெழுதித் திரும்பினோம்.

புறப்படும்போது வயல் வரப்பில் நின்ற முதியவர் ஒருவர், “ஐயா, பங்குனியிலே வந்து பார்த்தா எல்லாம் சுத்தமாத்தான் இருக்கும். ஆடியிலே வந்து பாருங்க” என்றார். அவர் சொல்லை மதித்து ஆடி மாதத்தில் மீண்டும் சென்றோம். இம்முறை முன்வாயிலுக்குச் செல்லாமல் வாய்க்காலின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கி நடந்தோம். நாற்றமும் நுரையும் எம்மை அவ்விடுதியின் பின்சுவருக்கே இட்டுச் சென்றன. நிரம்பிய தொட்டியிலிருந்து ஒரு குழாய் நேரே வாய்க்காலுக்குள் விடப்பட்டிருந்தது. அந்நீரில் இறங்கி நடவு செய்த பெண்களின் கால்களில் அரிப்பு கண்டிருந்ததை அன்றுதான் அறிந்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாம் பங்குனியில் எழுதிய குறிப்பு அத்தகையதாக இருந்தது.

பின்னர் அக்குழாய் அடைக்கப்பட்டது; புதிய உறிஞ்சு குழிகள் வெட்டப்பட்டன. ஆயினும் அவ்விடைக்காலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் எழுதிய குறிப்பு எவ்வகையிலும் உதவவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டுவன

இவ்வனுபவத்திலிருந்து சில யோசனைகளைக் கூற விழைகிறோம். முதலாவதாக, விடுதித் தணிக்கை சாரல் பருவத்தில், அறைகள் நிறைந்துள்ள நாட்களில் நடைபெறுதல் வேண்டும். இரண்டாவதாக, விடுதிக்குக் கீழேயுள்ள வயல்களின் பாசன விவசாயிகளையும் குடிநீர் எடுக்கும் பெண்களையும் கேளாமல் எந்த அறிக்கையும் முடிக்கப்படலாகாது. மூன்றாவதாக, தரம் பெற்ற விடுதிகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் கிராம சபையில் படித்துக் காட்டினால், ஊராரே ஆண்டு முழுவதும் தணிக்கையாளராக விளங்குவர்.

அச்சன்புதூர் பேரூராட்சி; அதனை அடுத்துள்ளவை பல ஊராட்சிகள். எல்லைக் கற்கள் அலுவலகங்களுக்கு உரியவை; கால்வாய் அவற்றை அறியாது. மேலே உள்ள ஊராட்சியில் நடைபெறும் தவற்றின் பயன் கீழேயுள்ள பேரூராட்சியின் வயலில் வந்து சேரும். ஆதலின் இரு திறத்தாரும் கூடிப் பார்வையிடுவதே முறை.

விடுதி நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்களிடம் பிரயாணிகள் வருவது சுவரின் வண்ணத்திற்காக அன்று. மலைக்காகவும் நீருக்காகவும் வருகிறார்கள். அந்த நீர் கெட்டால் கீழேயுள்ள விவசாயி இழப்பது ஒரு போகம்; நீங்கள் இழப்பது தொழிலின் முதலையே. வாயிலில் இலைச் சின்னத்தை மாட்டுவதற்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாள் உங்கள் பின்சுவருக்கு அப்பால் இறங்கி, வாய்க்கால் ஓரமாகச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். அங்கே வயலில் நிற்பவர் மனநிறைவோடு உங்களிடம் பேசுவாராயின், எந்தத் தணிக்கைக்கும் நீங்கள் அஞ்ச வேண்டுவதில்லை.