ஒரே வரியில் வாய்ப்பாடு!

புதுச்சேரியில் 1825-ல் ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்ப்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகண நேரத்தைச் சொல்லிவிட்டார்! தொடக்கத்தில் 4 நிமிடந்தான் தவறு. (முடிவில் மட்டும் 52 நிமிடம்!) ஆனால், அதன் விளக்கம் அவருக்குத் தெரியாது என்கிறார், நேரில் கண்டு எழுதிய ஜான் வாரன்.

நம் பிள்ளைகளும் அப்படித்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள்!

கென்னத் ஐவர்சன் 1962-ல் வெளியிட்ட நூலிலிருந்து பிறந்தது 'ஏ.பி.எல்.' என்ற கம்ப்யூட்டர் மொழி. அதில் வாய்ப்பாட்டை நாமே கட்டலாம். 1 முதல் 10 வரை ஒரு வரிசை, அதேபோல் இன்னொன்று. நடுவே சிறு வட்டம், புள்ளி, பெருக்கல் குறி. அவ்வளவுதான்! 100 விடைகளும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். 7-வது வரியும் 8-வது பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் 56. பெருக்கல் குறியை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போடுங்கள். அதே கட்டத்தில் 15!