மீன் காத்திருக்கும், காற்று காத்திருக்காது

வார இறுதி நாள்களின் விடியற்காலையில் தெலுக் பகாங் பக்கம் போனால், கார்க் கூரையில் கட்டிய கயாக்குகளைப் பார்க்கலாம். இயந்திரம் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை. ஒரு துடுப்பும் ஒரு தூண்டிலும் போதும் என்று என்னைப் போன்ற மாணவர்களும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறோம். எந்த மீனுக்கு எந்த இரை என்று சொல்லித்தரும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. ஆனால், எப்போது தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேற வேண்டும் என்பதைக் கடலில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கயாக் மீன்பிடிப்பில் மிகக் கடினமான பாடமும் அதுதான்.

கட்டுமரத்துக்கு உறவு

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து அதைச் செய்தார்கள். இன்று மீன் பிடிக்கப் பயன்படுவது பெரும்பாலும் நெகிழியால் ஆனது. நாம் படகுக்குள் இறங்கி உட்காருவதில்லை; அதன் மேல்தளத்தில் உட்காருகிறோம். உள்ளே காற்று அடைபட்டிருக்கும். அலை ஏறி வந்த நீர், தளத்தில் உள்ள ஓட்டைகள் வழியே கீழே வடிந்துவிடும்.

இதே வித்தை நம் கட்டுமரத்திலும் உண்டு. மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் கட்டுமரத்தில் நீர் ஏறினால் இடுக்குகள் வழியே இறங்கிவிடும். 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது நம் கட்டுமரத்திலிருந்துதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இந்தச் சொல்லைப் பதிவு செய்திருக்கிறார். நாம் நாள்தோறும் கேட்கும் 'கப்பால்' என்ற மலாய்ச் சொல்லும் நம் கப்பல்தான்.

படகு மூழ்காது என்பதால் அதில் இருப்பவருக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. கயாக் எடை குறைந்தது. காற்று வலுத்தால், நாம் துடுப்புப் போடும் வேகத்தைவிட விரைவாக அது நம்மைத் தள்ளிக்கொண்டு போகும்.

சாலை போகாத கடற்கரை

கடந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரியப்பா மகனான அண்ணனுடன் புறப்பட்டேன். அவர் பல ஆண்டுகளாகக் கயாக்கில் மீன் பிடிப்பவர். நாங்கள் போக நினைத்த இடம் தெலுக் டுயோங். 'மங்கி பீச்' என்றால் பலருக்கும் தெரியும். 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் அந்தக் கரைக்குச் சாலை கிடையாது. காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல் வழியாகப் போக வேண்டும்.

எங்கே தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்பதை முன்கூட்டியே பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டோம். இதைத் தவிர்க்கக் கூடாது. பூங்காவின் மேற்குப் பக்கத்தில் உள்ள பந்தாய் கெராச்சுட், கடலாமைகள் முட்டையிட வரும் கரை. அறுந்து கடலில் கிடக்கும் ஒரு முழம் நைலான் நரம்புகூட ஆமையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அதனால் அறுந்த நரம்புத் துண்டுகளைப் போட்டு வைக்க அண்ணன் ஒரு பழைய மைலோ டின்னைக் கட்டியிருந்தார்.

ஓதத்தைப் பார்த்துத்தான் புறப்படும் நேரத்தை முடிவு செய்தோம். பினாங்கில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் காலை 7 மணிக்குச் சரியாக இருந்தது இந்த வாரம் சரியாக இராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் கூடும், நீரோட்டமும் வலுக்கும்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கும் தெலுக் ஆலிங்கைக் கடந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கடல் எண்ணெய் ஊற்றியது போல அமைதியாக இருந்தது.

இரண்டு அடையாளங்கள்

தூண்டில் போடும் முன் அண்ணன் ஒரு வேலை செய்யச் சொன்னார். கரையில் ஒரு பாறையையும், அதற்குப் பின்னால் உயரத்தில் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில், மூக்கா ஹெட் குன்றின் மேல் 1883-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் விலகாத வரை நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். விலகினால் நீரோட்டம் இழுக்கிறது என்று பொருள். மீனில் கண் வைத்திருப்பவருக்குப் படகு நகர்வது தெரியாது.

குமரி, திருவனந்தபுரம் கரையோரக் கட்டுமர மீனவர்கள் மலை உச்சிகளையும் கோயில், தேவாலயக் கோபுரங்களையும் இப்படிக் கோடு சேர்த்துத்தான் கடலடிப் பாறைகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கைப்பேசி வரைபடம் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முந்தைய அறிவு அது.

முதலில் ஒரு கெலாமா கிடைத்தது. அடுத்து உள்ளங்கை அளவே இருந்த ஒரு கெராப்பு. அதைத் திருப்பி விட்டோம். மூன்றாவதாக வந்தது 'டூரி' என்ற கடல் கெளுத்தி. அதன் முதுகிலும் இரு பக்கமும் நச்சு முட்கள் உண்டு. கயாக்கில் நம் தொடைக்கும் மீனுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. அண்ணன் அதைப் படகில் ஏற்றாமல், நீரில் வைத்தே நீண்ட இடுக்கியால் முள்ளைக் கழற்றினார்.

சந்தையில் மலாயிலேயே கேட்டுப் பழகிய மீன்களுக்குத் தமிழ்ப் பெயர்களும் உண்டு. தெங்கிரி நம் வஞ்சிரம், சியாக்காப் கொடுவா, கெராப்பு களவா, பாவால் வாவல்.

மேற்கே கறுத்த கோடு

ஒன்பதரை மணிக்கு மீன் நன்றாகக் கடிக்கத் தொடங்கியது. என் கழி வளைந்திருந்தது. அப்போது அண்ணன் மேற்கே பார்த்தபடி சொன்னார்:

"தம்பி, சுருட்டு. கரைக்குப் போறோம்."

"அண்ணே, இப்பத்தானே கடிக்குது?"

"மீனு நாளைக்கும் இருக்கும். இந்தக் காத்து அரை மணியில இங்க இருக்கும்."

குன்றுக்கு அப்பால் வானத்தின் அடியில் ஒரு கறுத்த பட்டை தெரிந்தது. இதைத்தான் 'சுமத்ரா' என்கிறார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இடிமழை வரிசை அது. பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். அதன் காற்று மணிக்கு 50 கிலோமீட்டரையும் தாண்டும். நாம் துடுப்புப் போட்டால் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் போகலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதத்துக்கு இடமே இல்லை.

தெலுக் பகாங்குக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அதனால் அங்கே போக முயலாமல், பத்து நிமிடத் தொலைவில் இருந்த தெலுக் டுயோங் கரைக்கே போனோம். கயாக்குகளை ஓதம் எட்டாத உயரத்துக்கு இழுத்துவிட்டுக் கொட்டகையில் ஒதுங்கினோம். மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கழிகளைத் தள்ளிப் படுக்க வைத்தோம். சற்று நேரத்தில், நாங்கள் மிதந்துகொண்டிருந்த இடம் முழுவதும் வெள்ளை நுரையாக மாறியது. மழையில் எதிர்க்கரையே தெரியவில்லை. இதற்கிடையில் குரங்குகள் எங்கள் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது தனிக்கதை.

மழை ஓய்ந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. அலை அடங்கும்வரை காத்திருந்து, பிற்பகலில் ஒரே ஒரு கெலாமாவோடு வீடு வந்தோம்.

போகும் முன்

இதில் இறங்க நினைக்கும் மாணவ நண்பர்களுக்குச் சில குறிப்புகள்:

• மெட்மலேசியா வெளியிடும் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கைகளை முதல் நாள் இரவும் புறப்படும் முன்பும் பாருங்கள்.

• உயிர்காப்பு அங்கியைப் படகில் வைக்காதீர்கள், உடலில் அணியுங்கள். அதில் ஒரு விசிலைக் கட்டுங்கள்.

• கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி மீண்டும் ஏறும் பயிற்சியைக் கரையோரத்தில் முதலில் செய்யுங்கள். அது முடியாதவர் ஆழத்துக்குப் போகக் கூடாது.

• தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். கைப்பேசியை நீர்புகாப் பையில் வையுங்கள். அவசர எண் 999.

• கெளுத்தி குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத, தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்துங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

இடைநிலைப் பள்ளிப் புவியியல் பாடத்தில் பருவக்காற்றையும் ஓதத்தையும் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வில் அதற்குச் சில மதிப்பெண்கள் கிடைக்கும். சின்னப் படகில் கடலுக்குப் போகிறவருக்கு அதுதான் வீடு திரும்பும் வழி. புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டுத் துடுப்பை எடுங்கள்.